மண்ணுக்குக் குளிராது

பசுங்கூடப் பராமரிப்பு ஒழுங்கு, ஏழாம் பிரிவு, இரண்டாம் பந்தி: "உயிருள்ள தாவரங்கள் வைக்கப்பட்டிருக்கும் எந்த அறையின் வெப்பநிலையையும், அத்தாவரங்களுக்குப் பொறுப்பானவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி எவரும் மாற்றலாகாது."

இதை நான் எதையும் பார்த்து எழுதவில்லை. மனப்பாடம். அந்த ஒழுங்கை எழுதிய மூவரில் நானும் ஒருவன். ஓர் இலையுதிர் காலம் முழுவதும் கிழமைக்கு ஒரு தடவை கூடி, கோப்பியும் பிஸ்கற்றும் தீரும்வரை ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தோம். "எவரும்" என்ற சொல் இருந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான். "எழுத்துமூல" என்பதும் என்னுடையதே. வேலை முடிந்ததும் கைகுலுக்கிக் கலைந்தோம். அதன்பின் அந்த ஒழுங்கை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. அது சுவரில் மாட்டப்பட்டிருந்தது. சுவருக்கு அழகாக இருந்தது.

நான் சுவிஸில் லுட்சேர்னுக்குப் பக்கத்தில் ஒரு கெமைண்டேயின், அதாவது உள்ளூராட்சியின், நாற்றுப்பண்ணையில் முப்பது வருடத்துக்குக் கிட்ட வேலை செய்து, விதைப்புப் பகுதியின் பொறுப்பாளராக ஓய்வு பெற்றவன். அதற்கு முன் எங்கடின் மலைப்பக்கத்தில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். அதற்கும் முன் யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படித்து, படித்ததைக் கொஞ்சக் காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "மாஸ்டர்" என்ற பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது.

இப்போது எங்கள் பிள்ளைகளாகிய நீங்கள் சிலர் தோட்டக்கலையில் தொழிற்பயிற்சி முடித்து வேலைக்கு வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக எழுதும்படி இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் மலர்க் குழுவினர் கேட்டார்கள். "ஊக்கமூட்டும் விதமாக இருக்கட்டும் மாஸ்டர்" என்றார்கள். ஊக்கம் தேவைப்படுவோர் எதிர்ப்பக்கத்தில் உள்ள நகைக்கடை விளம்பரத்தைப் பார்க்கலாம். எந்த விதை எவ்வளவு சூட்டில் முளைக்கும், எவ்வளவு ஆழத்தில் போடுவது என்பதெல்லாம் தொழிற்பள்ளியில் சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டால் விதைப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. பொட்டலத்தில் இல்லாததைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

முதலில் எங்கள் சனத்தைப் பற்றி. கத்தரியும் மிளகாயும் இந்த நாட்டின் குட்டிக் கோடைக்குள் காய்க்க வேண்டுமென்றால், வெளியே பனி கிடக்கும்போதே வீட்டுக்குள் நாற்றுப் போட வேண்டும். இது எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எப்போது போடுவது என்பதை மட்டும் நாட்காட்டியிடம் கேட்பார்கள். யன்னலிடம் கேட்க மாட்டார்கள்.

அப்போதைய சங்கத் தலைவர் (இப்போதையவர் அல்லர், அவர் கோபிக்க வேண்டாம்) ஒவ்வொரு ஜனவரியும் பண்ணைக்கு வந்து நிற்பார்.

"மாஸ்டர், தைப்பொங்கல் அண்டைக்கு எங்கடை ஆக்களுக்கெண்டு ஒரு நாலு தட்டுப் போட்டுவிடுங்கோவன். நல்ல நாள்."

"ஏலாது தலைவர். வெளிச்சம் காணாது."

"சூரியனுக்குப் பொங்கிற நாளிலை விதை போடாமல் வேறை எப்ப போடுறது?"

"சூரியனுக்குப் பொங்கினியள், சரி. அது இஞ்சை வந்ததோ எண்டு பாத்தனீங்களோ?"

வரவில்லைத்தான். ஜனவரியில் எங்கள் பக்கத்தில் மூடுபனி ஏறினால் கிழமைக்கணக்கில் இறங்காது. மனிதர் கேட்கவில்லை. ஒரு வருடம் தன் வீட்டு ஹைட்சுங்கின் மேல், அதாவது அறையைச் சூடாக்கும் அந்த இரும்பின் மேல், தட்டை வைத்துத் தானே விதைத்தார். சில கிழமை கழித்து, காய்ச்சல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவதுபோல, துவாயால் மூடிய ஒரு தட்டுடன் வந்தார். உள்ளே நூல் நூலாக, வெளிறிய கழுத்துடன், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன.

"வளத்திதானே?" என்றார் பெருமையாக.

"இது வளத்தியில்லை தலைவர். வெளிச்சத்தைத் தேடி ஓடியிருக்குது. ஓடி இளைச்சு விழுந்திருக்குது."

"அப்ப நீங்கள் வித்த விதையிலைதான் ஏதோ பிழை."

நாளில் பிழை இருக்க முடியாதல்லவா. இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வருவார்.

இனிக் குமுதினி. பண்ணைக்கு வந்தபோது நாற்பதைத் தொட்டிருந்தார். ஊரில் வங்கி ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தவர், இரண்டு பெண்பிள்ளைகளின் தாய், வாயில் கத்தரிக்கோல் வைத்திருப்பவர். அவரிடம் இருந்தது எஃப் விசா. "உன்னைத் திருப்பி அனுப்ப முடியவில்லை, அதனால் இருக்க விடுகிறோம்" என்பதை அரசாங்கம் மரியாதையாக எழுதித் தரும் அட்டை அது. அதை பி விசாவாக, அதாவது முறையான வதிவிட அனுமதியாக, மாற்ற வருடங்கள் வேண்டும், மொழி வேண்டும், நிரந்தர வேலை வேண்டும். வருடங்கள் இருந்தன. மொழியும் இருந்தது. விசாக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள்: நிரந்தர ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டு வா, மற்றதைப் பார்ப்போம்.

பண்ணையில் அவருக்குத் தவணை ஒப்பந்தம். ஜூன் முப்பதாம் திகதி முடிகிறது. விதைப்புப் பகுதியில் ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. அதே திகதிக்குள் நிரப்பப்படாவிட்டால் அந்த இடம் தானாகவே ரத்தாகிவிடும் என்பது இன்னொரு ஒழுங்கு. எங்கள் பணிப்பாளர், மென்மையாகப் பேசும் ஒரு சுவிஸ் பெண்மணி, என் முன்னால் குமுதினியிடம் சொன்னார்: "மே மாத நாற்றுச் சந்தை நன்றாக நடந்தால், வேறு எந்தப் பிரச்சினையும் இல்லாவிட்டால், நான் கையெழுத்திடுகிறேன்."

குமுதினி முதற் பாதியைக் கேட்டார். நான் இரண்டாம் பாதியையும் கேட்டேன்.

நாடு முழுவதும் எரிபொருளை மிச்சம் பிடிக்கச் சொன்ன குளிர்காலம் அது. பெப்ரவரி நடுவில் ஒரு வியாழக்கிழமை குமுதினி மிளகாயும் கத்தரியும் விதைத்து முடித்தார். மிளகாய் விதை முந்தின வருடப் பழத்திலிருந்து அவரே எடுத்துக் காயவைத்தது. முழுவதையும் போட்டாயிற்று, கையில் மிச்சமில்லை. திங்கட்கிழமை காலை, நான் வேலைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஓடி வந்தார்.

"அண்ணை, உள்ளை வந்து பாருங்கோ. பிறிட்ஜுக்குள்ளை போன மாதிரிக் கிடக்கு."

"கதவு திறந்து கிடந்ததோ?"

"கதவும் இல்லை, ஒண்டும் இல்லை. மேசைக்குக் கீழை ஓடுற சுடுதண்ணிக் குழாய் செத்துப்போய்க் கிடக்கு. தொட்டுப் பாருங்கோ."

தொட்டேன். மார்கழிக் கம்பி மாதிரி இருந்தது. வெப்பமானி பன்னிரண்டு காட்டியது. வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, மேலே வில்லை ஒட்டியிருந்தார்கள்: களஞ்சியம் 2.

கட்டடப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பின்னேரம் அதன் அதிகாரி தானே வந்தார். மலையேறும் ஜக்கெற், கையில் ஒரு கணினிப் பலகை.

"இந்த அறை எங்கள் பட்டியலில் களஞ்சியம்" என்றார்.

"இது விதைப்பறை."

"பட்டியலில் களஞ்சியம்."

ஏழாம் பிரிவை எடுத்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். வாசித்திருக்கிறார்! என் உத்தியோக காலத்தில் அந்த ஒழுங்கை வாசித்த முதல் மனிதரைக் கண்டுவிட்ட மகிழ்ச்சி எனக்கு ஒரு கணம் நீடித்தது.

"உயிருள்ள தாவரங்கள் என்றுதானே இருக்கிறது?" என்றார். மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். "எங்கே?"

"மண்ணுக்குள் விதை இருக்கிறது."

"விதை தாவரமா?"

"முளைத்தால் தாவரம்."

"முளைக்கும் என்று உத்தரவாதம் தர முடியுமா?"

"சூடு தந்தால் முளைக்கும்."

"ஆக, இன்றைக்கு இங்கே இருப்பது மண்." ஒரு தட்டில் விரலை ஊன்றிப் பார்த்தார். "மண்ணுக்குக் குளிராது." விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

குமுதினி அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பிள்ளை பிறக்கும்வரைக்கும் உவர் மனிசிக்குச் சாப்பாடு குடுத்திருக்க மாட்டார் போல."

இளையவர்களே, அந்த மனிதரை முட்டாள் என்று எண்ண வேண்டாம். முட்டாள்களோடு வேலை செய்வது சுகம், அவர்களை ஏமாற்றலாம். இவர் கெட்டிக்காரர். விதைப்பு வேலையில் சூடு மிகவும் தேவைப்படுவது, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத நாட்களில். பச்சை தெரிந்தபின் அது கொஞ்சம் தாங்கும். கந்தோரோ கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டும் செலவழிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் நீங்கள் வாழ்நாள் முழுவதும் சம்பளம் எடுக்கப் போகிறீர்கள்.

முறைப்படி செய்யவேண்டியதைச் செய்தேன். கெமைண்டேயில் எரிபொருள் சிக்கனக் குழு என்று ஒன்று இருந்தது. இந்த அறைக்கு விலக்குத் தரும்படி அன்றே அதற்கு விண்ணப்பம் எழுதினேன். இரண்டு கிழமைக்குள் பதில் தருவோம் என்பது அவர்கள் தாங்களே போட்டுக்கொண்ட விதி. ஈரமும் குளிருமான மண்ணில் மிளகாய் விதை ஒரு கிழமை கிடந்தால் அழுகத் தொடங்கும் என்பது தாவரவியல். இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை.

மறுநாள் காலை குமுதினி கையில் ஆணி கழற்றும் திருகாணிச் சாவியோடு நின்றார்.

"அண்ணை, உந்தப் பெட்டி ரெண்டே ரெண்டு ஆணியிலை நிக்குது. களட்டட்டோ?"

"களட்டாதையும்."

"ஏன்? சந்தைக்குக் கண்டு வேணுமோ வேண்டாமோ?"

"கண்டு வேணும். உம்மடை கோப்பிலை ஒரு வரி விழக்கூடாது. விசாக் கந்தோர் இஞ்சை கடிதம் போட்டு உம்மைப் பற்றிக் கேக்கேக்கை, பூட்டை உடைச்சவ எண்டு பதில் போனால் என்ன செய்வீர்?"

"கண்டு செத்தாலும் வேலை இல்லை. பெட்டியைத் திறந்தாலும் வேலை இல்லை." சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். "நல்ல நாடு."

இப்படியான நேரத்தில் கோபத்துக்கு ஒரு கோப்பி குடிக்கும் நேரம் கொடுங்கள். பிறகு ஒழுங்குப் புத்தகத்தை எடுங்கள். நான் எடுத்தேன். பன்னிரண்டாம் பிரிவில் ஒரு வரி இருந்தது: வைக்கப்பட்ட இடம் பயன்படாத நிலைக்கு வந்தால், நாற்றுப் பொருட்களைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைக்கப் பகுதிப் பொறுப்பாளர் அனுமதிக்கலாம். எந்த இடம் என்று சொல்லவில்லை. பகுதிப் பொறுப்பாளர் நான். எனக்கு நானே எழுதி, நானே கையெழுத்திட்டு, பிரதியைக் கோப்பில் வைத்தேன். மதியத்துக்குள் தட்டுகள் எல்லாம் பண்ணை வாகனத்தில் எம்மன்புரூக்கேக்குப் போயின.

ஏன் எம்மன்புரூக்கே? குமுதினி குடியிருக்கும் மாடிக் கட்டடம் அங்கே. அதில் எங்கள் குடும்பங்கள் நாலைந்து. ஹைட்சுங்கை ஐந்தாம் இலக்கத்தில் திருகிவிட்டு, வேர்க்குது என்று சொல்லி யன்னலையும் திறந்துவிடும் சனம் இந்த நாட்டில் வேறு இல்லை. சங்கக் கூட்டங்களில் எழும்பி இதைக் கண்டித்துக் கண்டித்து அலுத்தவன் நான். அந்தக் கிழமை வாயைத் திறக்கவில்லை.

தட்டுகள் அலுமாரிக்கு மேல், பிறிட்ஜுக்கு மேல், ஹைட்சுங்குக்கு மேல் பலகை வைத்து என்று ஏறின. சங்கத் தலைவரின் வீடும் அதே கட்டடத்தில்தான். வேறெங்கே இருக்கும்?

"சாமியறையிலை வைக்கட்டோ மாஸ்டர்?"

"சூடு இருந்தால் எங்கையும் வையுங்கோ. தண்ணி மட்டும் ஊத்தாதையுங்கோ. அது குமுதினியின்ரை வேலை."

"பொங்கலுக்குப் போட்டிருந்தால் இண்டைக்கு உந்த அலைச்சல் தேவையோ?"

"பொங்கலுக்குப் போட்டிருந்தால் உங்கடை பழைய தட்டு மாதிரி இப்ப குப்பைத் தொட்டிக்குள்ளை கிடந்திருக்கும்."

உள்ளே அடுப்படியில் அவருடைய மனைவி சிரித்தது கேட்டது. தலைவர் கதவைச் சாத்தினார்.

வேலை முடிந்து போனால் குமுதினி செருப்பைக் கொழுவிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவார். சாம்பிராணி போடாதையுங்கோ, மூடியைத் திறக்காதையுங்கோ, பிள்ளையளைக் கிண்ட விடாதையுங்கோ. அவருடைய குரலுக்கு அந்தக் கட்டடமே பயந்தது. எனக்கு ஒவ்வொரு நாளும் ஒரே செய்தி: "ஒண்டும் இல்லை அண்ணை." அடுத்த கிழமையின் கடைசியில் ஒரு காலை, பஸ்ஸுக்கு நிற்கும்போது தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, வளைஞ்சு நிக்குது."

"என்னது?"

"மிளகாய். கழுத்தை வளைச்சுக்கொண்டு மண்ணைத் தள்ளுது. ஒண்டு ரெண்டு இல்லை, தட்டு முழுக்க." மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நான் அழேல்லை. தடிமன்."

இனி அவை விதைகள் அல்ல. யார் எந்தக் கணினிப் பலகையை வைத்துப் பார்த்தாலும், உயிருள்ள தாவரங்கள். இன்னும் சில நாள் விட்டு, நிமிர்ந்து இலை விரித்ததும் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து அந்தப் பன்னிரண்டு பாகை அறையில், மேசைமீது வரிசையாக வைத்தோம். கட்டடப் பிரிவுக்கு இரண்டு வரி அனுப்பினேன்: "இன்று காலை முதல் இவ்வறையில் உயிருள்ள தாவரங்கள் உள்ளன. வெப்பத்தைக் குறைத்து வைத்திருப்பதற்கு என் சம்மதம் கோரப்படுமாயின், பதில்: இல்லை."

அதிகாரி ஒரு மணித்தியாலத்துக்குள் வந்தார். குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இவை எங்கிருந்து வந்தன?"

"விதையிலிருந்து."

"நீங்கள் விதியை வளைக்கிறீர்கள்."

"வாசிக்கிறேன்."

பெட்டியைத் தன் கையாலேயே திறந்தார். மதியத்துக்குள் குழாய் சுட்டது. குமுதினி இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டு, தேநீர் ஆறும்வரை அப்படியே இருந்தார்.

கட்டுரையை இந்த இடத்தில் நிறுத்தினால் நன்றாயிருக்கும் என்று மலர்க் குழுவினர் சொன்னார்கள். நன்றாகத்தான் இருக்கும்.

தட்டுகளை எண்ணியபோது ஒன்று குறைந்தது. "நான் முழுக்கத் தந்திட்டன், சாமி சத்தியமாய்" என்றார் சங்கத் தலைவர். குமுதினி நம்பவில்லை. ஆனால் சாமியறைக்குள் புகுந்து தேட முடியாதே.

ஏப்ரலில் சித்திரை வருடப்பிறப்பு வந்தது. வானம் துடைத்த நீலம். நல்ல வெயில். தலைவர் சுபநேரம் பார்த்து, ஒளித்து வைத்திருந்த தட்டைப் பல்கனிக்குக் கொண்டுபோய்ச் சூரியனுக்குக் காட்டி அங்கேயே வைத்தார். ஊரில் வெயில் என்றால் சூடு. இந்த நாட்டில் ஏப்ரல் வெயில் வெறும் வெளிச்சம். வானம் தெளிந்த அன்றுதான் இரவு உறையும். மே நடுவில், கடைசி உறைபனி விழும் என்று இங்கே சொல்லப்படும் பனிப் புனிதர்களின் நாட்கள் கழியும்வரை மிளகாயை வெளியே வைக்கக் கூடாது என்பது இங்கே பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் பஞ்சாங்கத்தில் அந்தப் புனிதர்களுக்கு இடமில்லை. காலையில் கன்றுகள் அவித்த கீரை மாதிரிக் கறுத்துத் தொங்கின.

புத்தியுள்ள மனிதன் அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பான். தலைவர் நியாயமான மனிதர். தட்டைத் தூக்கிக்கொண்டு பண்ணைக்கு வந்தார். என்னிடம் வந்தால் ஏச்சு விழும் என்று தெரியும், ஆகவே முன்வாசல் அலுவலகத்துக்கு, நேரே பணிப்பாளரிடம் போனார். உங்கள் கன்றுகள் பலவீனமானவை, சாமியறையில் இருக்கும்வரை நன்றாக இருந்தன, மாற்றித் தாருங்கள் என்று நல்ல ஜெர்மனில் முறைப்பாடு செய்தார். தட்டின் பக்கத்தில் கெமைண்டேயின் முத்திரை பளிச்சென்று இருந்தது.

பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார்.

"எங்கள் தட்டு எம்மன்புரூக்கேயில் ஒரு பல்கனியில் என்ன செய்தது?"

பன்னிரண்டாம் பிரிவின்படி நான் இட்ட அனுமதியை முன்னால் வைத்தேன். வாசித்தார். "இது சரி" என்றார். பிறகு, சரியான ஒன்றைக் கண்ட அதிகாரிகள் வழமையாகச் செய்வதுபோல, சரியில்லாத ஒன்றைத் தேடினார். "வெப்பம் சம்பந்தமாக நீங்கள் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வந்துவிட்டதா?"

"இல்லை. அறை சூடாகி எவ்வளவோ நாள்."

"அறை சூடாகியிருக்கலாம். பதில் வரவில்லையே. அப்படியென்றால் விடயம் நிலுவையில் இருக்கிறது."

"இருக்கட்டும். குமுதினியின் ஒப்பந்தத்துக்கும் அதற்கும் என்ன?"

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அவருடைய பகுதியில் ஒரு விடயம் நிலுவையில் இருக்கும்போது நிரந்தர நியமனத்தில் நான் எப்படிக் கையெழுத்திடுவது? நாளைக்கு என்னைக் கேட்பார்கள். பதில் வரட்டும். வந்த அன்றே இடுகிறேன்."

நல்ல பெண்மணி. யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. பயந்த நல்லவர்கள் செய்யும் சேதத்தைக் கெட்டவர்கள் ஆட்கள் வைத்தாலும் செய்ய முடியாது. இதை உங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தை மீளப் பெறுவதாக அன்றே சிக்கனக் குழுவுக்கு எழுதினேன். அந்தக் குழுவிடமிருந்து உடனடியாக வந்த ஒரே செய்தி இதற்குத்தான்: "உங்கள் மீளப்பெறல் கிடைத்தது. மூல விண்ணப்பத்துடன் சேர்த்து அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்." அடுத்த கூட்டம் ஜூனில். குளிர் போன பிறகு குளிரைப் பற்றிக் கூடுவதற்கு அவசரம் என்ன?

இதைப் படிக்கும் உங்களில் யாராவது ஒருநாள் பொறுப்பாளர் ஆவீர்கள். உங்களுக்குக் கீழே ஒருவருடைய வாழ்க்கை ஒரு கையெழுத்தில் தொங்கும். அந்தக் கையெழுத்தை முதலில் வாங்கிவிடுங்கள். நாற்றைப் பிறகு காப்பாற்றலாம். நாற்றைக் காப்பாற்றினால் கையெழுத்து கிடைக்கும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால், அவர் நாற்றுப் போட்டதும் இல்லை, கையெழுத்துக்குக் காத்திருந்ததும் இல்லை.

பனிப் புனிதர்கள் போனபின் சந்தை நடந்தது. காலை திறக்குமுன்பே வரிசை. குமுதினியின் மிளகாய்க் கன்றுகள் மதியத்துக்கு முன்பே தீர்ந்துகொண்டிருந்தன. சுவிஸ் ஓய்வூதியக்காரர்கள் "உறைக்குமா?" என்று கேட்க, "கொஞ்சம்" என்று கண்ணிமைக்காமல் பொய் சொல்லி விற்றார். கட்டடப் பிரிவு அதிகாரியும் வந்து இரண்டு கன்று எடுத்தார்.

"இவை குளிரைத் தாங்குமா?" என்று கேட்டார்.

குமுதினி என்னை ஒரு தடவை பார்த்தார். "மண் தாங்கும்" என்றார்.

மனிதருக்கு முகம் சிவந்தது. ஊழியர் கழிவு கேட்க மறந்துவிட்டுப் போனார்.

ஜூனில் குழு கூடியது. முடிவும் எடுத்தார்கள். நான் கெமைண்டேக் கந்தோருக்கு நடந்து போய்க் கேட்டேன். முடிவு எடுத்தாயிற்று, கூட்டக் குறிப்பில் கையெழுத்தாக வேண்டும், கையெழுத்திடுபவர் விடுமுறையில் இருக்கிறார் என்றார்கள். முடிவு என்னவென்று வாயால் சொல்லுங்கள் என்றேன். வாயால் சொல்வது வழக்கமில்லை என்றார்கள். மறுபடி போனேன். மறுபடியும் போனேன். பணிப்பாளர் ஒவ்வொரு தடவையும் என்னை எதிர்பார்த்து எழுந்து நிற்பார், என் கை வெறுமையாக இருப்பதைக் கண்டு உட்காருவார்.

"எனக்குப் பதில் வேண்டாம் அண்ணை" என்றார் குமுதினி. "பதில் இல்லை எண்டு ஒரு துண்டு தருவினமோ? அதைக் கொண்டுபோய்க் குடுத்திட்டுக் கையெழுத்து வாங்குவம்."

முப்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை. ஆகவே வெள்ளியே கடைசி வேலைநாள். குமுதினி விதைத் தட்டுகள் எல்லாவற்றையும் கழுவி, காயவைத்து, அளவு வாரியாக அடுக்கினார். அடுத்த வருடம் அவற்றில் யார் விதைப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பணிப்பாளர் பூச்செண்டு கொடுத்தார். கண் கலங்கிக் கொடுத்தார். குமுதினி அதை வாங்கி, இரண்டு தண்டு வாடியிருந்ததைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "வாறன் அண்ணை" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை அந்த இடம் ஒழுங்கின்படி தானாக ரத்தானது.

இப்போது ஷ்லீரன் என்ற ஊரில் கந்தோர்கள் துப்புரவு செய்கிறார். மணித்தியாலக் கணக்கு வேலை, கூப்பிடும் நாளில் போக வேண்டும். அது நிரந்தர ஒப்பந்தமாகாது என்று விசாக் கந்தோர் சொல்லிவிட்டது. எஃப் அட்டையை வருடா வருடம் புதுப்பிக்கிறார். போன குளிர்காலத்தில் ஒருநாள் தொலைபேசி எடுத்தார்.

"இஞ்சை ஹைட்சுங் நல்ல சூடு அண்ணை. ஒரு மனிசரும் இல்லாத கந்தோர், கதிரையளுக்குப் போட்டு வைச்சிருக்கிறாங்கள்."

பதில் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், நடைமுறை தெரிந்தவன் கோப்பைத் திறந்தபடி விட மாட்டான். ஒரே பக்கம். வெப்பம் ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டதால் விண்ணப்பமும் அதன் மீளப்பெறலும் பொருளற்றுப் போயின, கோப்பு மூடப்படுகிறது, உங்கள் பகுதி தொடர்பாக எதுவும் நிலுவையில் இல்லை, சிக்கனத்துக்கு ஒத்துழைத்தமைக்கு நன்றி. கடிதத்தின் தலைப்பில் ஜூன் இருபத்தேழாம் திகதி, வியாழக்கிழமை என்றிருந்தது. கெமைண்டேக் கந்தோரிலிருந்து பண்ணைக்கு நடந்தால் கால் மணித்தியாலம். ஆனால் தபாற் செலவிலும் சிக்கனம் பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. மெதுவாகப் போகும் மலிவுத் தபாலில் போட்டிருந்தார்கள். எங்கள் பெட்டிக்குள் அது விழுந்தது ஜூலை இரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை.